தினமும் நன்றி சொல்வது: பெங்களூரு தமிழ்க் கிறிஸ்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காட்டேஜ் பிரேயர் (வீட்டு ஜெபக் கூட்டம்) முடிந்து டீ வரும் நேரத்தில்தான் உண்மையான கேள்விகள் வெளியே வரும். லிங்கராஜபுரமோ கம்மனஹள்ளியோ விவேக்நகரோ, எந்த வீடாக இருந்தாலும் இதுதான் கதை. "தினமும் ஸ்தோத்திரம் பண்ணுங்கள்", அதாவது கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள், என்று போதகர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். எதற்கு, எப்படி, மனசு வராத நாளில் என்ன செய்வது என்பதெல்லாம் நம் பாடு. அப்படி டீ டம்ளரோடு வந்த கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபைக்காரி. அன்பியக் கூட்டங்களுக்கு (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடுவது) போகும் கத்தோலிக்கத் தோழிகள் கேட்டவையும் கலந்திருக்கின்றன. வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பில்.

தினமும் நன்றி சொல்ல வேண்டும் என்று பைபிளில் எங்கே இருக்கிறது?

"எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" (1 தெசலோனிக்கேயர் 5:18) எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் தினசரிப் பழக்கம் என்று பார்த்தால் எனக்குப் பிடித்த இடம் தானியேல் 6:10. ராஜாவைத் தவிர யாரிடமும் விண்ணப்பம் பண்ணக் கூடாது என்ற கட்டளை வந்த பிறகும் தானியேல் வீட்டுக்குப் போய், எருசலேம் பக்கம் திறந்திருந்த ஜன்னல் அருகே, தினம் மூன்று வேளையும் முழங்கால்படியிட்டு ஜெபம்பண்ணி ஸ்தோத்திரம் செலுத்துகிறார். முன்பு செய்துவந்தபடியே செய்தார் என்று அந்த வசனமே சொல்கிறது. மீறினால் சிங்கக் கெபியில் (குகையில்) போடுவார்களே என்று அவசரமாக ஆரம்பித்ததல்ல.

அப்புறம் 92ஆம் சங்கீதம். காலையிலே கிருபையையும் இரவிலே சத்தியத்தையும் அறிவிப்பது நல்லது என்று நேரமே குறித்துக் கொடுத்துவிடுகிறது. புலம்பல் 3:23இல் "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்று வருவது எருசலேம் இடிந்து கிடந்தபோது எழுதப்பட்டது. அதைச் சூரியோதயப் படத்தோடு காலண்டரில் அச்சடிக்கிறோம். இடிந்த மதிலைப் போட்டிருந்தால் வசனம் இன்னும் நன்றாகப் புரிந்திருக்கும்.

சரி, எப்படி ஆரம்பிப்பது?

அன்றைய நாளிலிருந்து ஒன்றோ இரண்டோ காரியங்களை எடுத்து, அவற்றை நடந்தது நடந்தபடி கடவுளிடம் சொல்லுங்கள். அவ்வளவுதான். "குடும்பத்துக்காக ஸ்தோத்திரம், சுகத்துக்காக ஸ்தோத்திரம், வேலைக்காக ஸ்தோத்திரம்" என்று போனால் ஒரே வாரத்தில் நாக்கு தானாக ஓடும், மனசு அடுத்த நாள் சட்னியில் இருக்கும். நான் வைத்துக்கொள்ளும் ஒரே சட்டம்: நான் சொல்லும் நன்றியை அப்படியே பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல முடியக் கூடாது. "இன்று மோட்டார் போட மறந்தேன், கீழ்வீட்டுக் கன்னடக்கார அம்மா போட்டுவிட்டு மாடியேறி வந்து சொல்லிவிட்டும் போனார்." இதை வேறு யாரும் சொல்ல முடியாது. இது என் நாள்.

சொல்ல ஒன்றுமே இல்லை என்று தோன்றும் நாளில், கையில் இருக்கும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அது வந்த வழியே பின்னால் போய்ப் பாருங்கள். அந்த மோட்டார் ஏற்றிய தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். காவிரித் தண்ணீர் தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் குழாயில் வருகிறது. சும்மா வரவில்லை. ஆறு கீழே, நம் ஊர் மேலே. அரை கிலோமீட்டர் உயரத்துக்குப் படிப்படியாகப் பம்ப் செய்து ஏற்றுகிறார்கள். ராத்திரி நாம் தூங்கும்போது அந்தப் பம்பு வீடுகளில் யாரோ விழித்திருக்கிறார்கள். 2024 கோடையில் போர்வெல்கள் வற்றி, அடுக்குமாடிக்காரர்களும் டேங்கர் லாரிக்குக் காத்திருந்தது ஞாபகம் இருக்கும். காவிரி என்ற பேச்சு வந்தாலே இந்த ஊர்த் தமிழருக்குக் கலவரம் நடந்த 1991 டிசம்பரும் 2016 செப்டம்பரும் நினைவுக்கு வரும்; கடையை இழுத்து மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் நம் சபைகளிலும் இருக்கிறார்கள். இத்தனையும் சேர்ந்ததுதான் அந்த ஒரு வாளித் தண்ணீர். இப்போது சொல்லுங்கள், நன்றி சொல்ல விஷயம் இல்லையா?

எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம்?

உங்களுக்குத் தோதான நேரம். ஐந்து நிமிடம் போதும். எனக்கு இரவுச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவும் நேரம். நண்பர் ஒருவருக்கு அவுட்டர் ரிங் ரோடு டிராஃபிக். அவருக்கு ஐந்து நிமிடம் என்ன, முழு இரவு ஜெபத்துக்கே நேரம் கிடைக்கும்.

நோட்டில் எழுத வேண்டுமா?

எழுதினால் ஒரு லாபம்: மூன்று மாதம் கழித்துப் படிக்கலாம். "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி, அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்று தாவீது தன் ஆத்துமாவிடம்தானே சொல்லிக்கொள்கிறார். மறதி நமக்கு இயல்பு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் விலை உயர்ந்த நோட்டும் கலர் பேனாவும் வாங்கினால் நான்கு பக்கத்தோடு நின்றுவிடும். அடுக்களைச் சுவரில் பால் கணக்கு எழுதும் காலண்டர் இருக்கிறதல்லவா? "ஒரு லிட்டர்" என்று எழுதும் அதே கட்டத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள். "மோட்டார்." "ரிசல்ட்." "அம்மா தூங்கினாள்." மாதக் கடைசியில் பால்காரருக்குக் கணக்குப் பார்க்கும்போது அதுவும் கண்ணில் படும். எழுதவே பிடிக்காது என்றால் விட்டுவிடுங்கள். நம் பாட்டிமார் யாரும் எழுதவில்லை.

உளவியல் நிபுணர்களும் இதையே சொல்கிறார்களே? ஆபீஸில் வெல்னஸ் வகுப்பில்கூட வந்தது. அப்படியானால் இதில் கிறிஸ்தவம் எங்கே?

சொல்கிறார்கள். 2003இல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வாரத்துக்கு ஒருமுறை, நன்றி சொல்லத்தக்க ஐந்து காரியங்களை எழுதிய மாணவர்கள், தொந்தரவுகளைப் பட்டியலிட்டவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றித் திருப்தியாக உணர்ந்தார்கள் என்பது அதில் ஒரு முடிவு. நல்லதுதான். ஆபீஸில் சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்ளுங்கள், கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

வித்தியாசம், நாம் ஒருவரிடம் சொல்கிறோம் என்பதுதான். அந்த வகுப்பில் நன்றி என்பது எனக்குள் எழும் ஓர் உணர்வு. ஜெபத்தில் அது பேச்சு. எதிரே கேட்பவர் இருக்கிறார். அதனால்தான் அங்கே வராத ஒரு கட்டுப்பாடு இங்கே வருகிறது: கேட்பவரிடம் பொய் சொல்லக் கூடாது. கீழே வரும் பாதிப் பதில்கள் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன.

மனசே இல்லாமல் வாயால் மட்டும் சொன்னால் அது பாசாங்கு இல்லையா?

உணர்ச்சி இல்லாமல் சொல்வது பாசாங்கு ஆகாது. இல்லாத உணர்ச்சியை இருப்பதுபோல் காட்டினால்தான் பாசாங்கு. "ஆண்டவரே, இன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனாலும் காலையில் பஸ் கிடைத்தது, அதற்கு நன்றி" என்பது உண்மையான ஜெபம். கண்ணீர் மல்க, குரல் நடுங்க, உள்ளே ஒன்றும் இல்லாமல் பத்து நிமிடம் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். கூட்டத்தில் சத்தமாக ஸ்தோத்திரம் சொல்லும் நம் பழக்கத்தில் இந்த ஆபத்து கொஞ்சம் அதிகம். பக்கத்தில் இருப்பவரின் சத்தத்துக்கு ஏற்ப நம் சத்தமும் ஏறும்.

ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்கிற வழக்கமும் இதுவும் ஒன்றா?

சிறு புத்தகத்தை வைத்துக்கொண்டு வரிசையாக ஆயிரம் துதிகளை வாசிக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. வயதானவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், சொந்தமாக வார்த்தை தேட முடியாதவர்கள் இவர்களுக்கெல்லாம் அது பெரிய துணை. திரும்பத் திரும்பச் சொல்வதே தப்பு என்று சிலர் மத்தேயு 6:7ஐக் காட்டுவார்கள். அங்கே இயேசு கண்டிப்பது அதிக வசனிப்பினால் கடவுளைக் கேட்க வைத்துவிடலாம் என்ற நினைப்பை. 136ஆம் சங்கீதத்தில் 26 வசனங்களிலும் அவர் கிருபை என்றுமுள்ளது என்று திரும்பத் திரும்ப வருகிறதே! ஆனால் அந்தச் சங்கீதம் எதற்கெல்லாம் அப்படிச் சொல்கிறது என்று பாருங்கள். சூரியன், சந்திரன், செங்கடல், ராஜாக்கள் என்று போய், கடைசியில் எல்லா உயிருக்கும் ஆகாரம் கொடுப்பதில் வந்து நிற்கிறது. செங்கடலும் சாப்பாடும் ஒரே பட்டியலில். ஆயிரம் சொல்பவர்கள் சொல்லுங்கள். முடிவில் ஆயிரத்து ஒன்றாவதாக இன்றைய சாப்பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கத்தோலிக்கர்கள் இரவில் செய்யும் ஆன்மச் சோதனையும் இதுதானா?

நெருங்கிய சொந்தம். சேசு சபையை ஏற்படுத்திய புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மப் பயிற்சிகளில் (1548இல் திருத்தந்தையின் ஒப்புதலோடு அச்சானது) இதற்கு ஐந்து படிகள் வைத்தார். பெற்ற நன்மைகளுக்கு நன்றி, பாவத்தை அறிய அருள் கேட்பது, நாளை மணிக்கணக்கில் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம். எனக்குப் பிடித்தது அந்த வரிசை. முதலில் நன்றி, பிறகுதான் குற்றம். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் பாவ அறிக்கையில் ஆரம்பிப்போம்; இரண்டுக்கும் இடம் உண்டு. ஆனால் தன்னைத் தானே திட்டிக்கொண்டே இருக்கும் சுபாவம் உள்ளவர்களுக்கு இஞ்ஞாசியாரின் வரிசையைத்தான் சிபாரிசு செய்வேன், சி.எஸ்.ஐ.க்காரர்களானாலும்.

வேலை போய்விட்டது. வீட்டில் சாவு. இதற்கெல்லாமும் நன்றி சொல்ல வேண்டுமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பெரும்பாலும் டீ ஆறிய பிறகு, மற்றவர்கள் கிளம்பிய பிறகு, மெல்லிய குரலில் கேட்பார்கள்.

கெட்டதை நல்லது என்று சொல்ல வேண்டியதில்லை. மரணத்தை வேதம் சத்துரு என்றே அழைக்கிறது (1 கொரிந்தியர் 15:26). இயேசுவின் நண்பன் லாசரு இறந்தபோது, அவன் கல்லறையில் நடந்ததைப் பாருங்கள். யோவான் 11இல் இயேசு முதலில் கண்ணீர் விடுகிறார், அதன் பிறகு கண்களை ஏறெடுத்துப் பிதாவுக்கு ஸ்தோத்திரம் சொல்கிறார். ஆறு வசன இடைவெளியில் இரண்டும் வருகின்றன. சில நிமிடங்களில் உயிரோடு எழுப்பப்போகிறவரே அழுதார் என்றால் நாம் அழுவதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். அவர் ஸ்தோத்திரம் சொன்னது லாசரு செத்ததற்கும் அல்ல. தம் ஜெபத்தைக் கேட்டதற்கு.

எபேசியர் 5:20 எல்லாவற்றிற்காகவும் ஸ்தோத்திரிக்கச் சொல்கிறதே என்று கேட்பீர்கள். நியாயம். அதே பவுல்தான் ஆசியாவில் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்று 2 கொரிந்தியர் 1:8இல் எழுதுகிறார். தன் மாம்சத்தில் இருந்த முள்ளை (விடாத வேதனையை) எடுத்துவிடும்படி மூன்று தரம் கெஞ்சியதாக 12ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டவர் அல்ல அவர். 88ஆம் சங்கீதம் இருளில் ஆரம்பித்து இருளிலேயே முடிகிறது, ஒரு நன்றிகூடக் கிடையாது. அதையும் சங்கீதப் புத்தகத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் கூட்டத்துக்கு கே.ஜி.எஃப். (கோலார் தங்க வயல்) அண்ணன் ஒருவர் வருவார். அவருடைய அப்பா, தாத்தா எல்லாம் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். பாறை வெடிப்பு எப்போது நடக்கும் என்று தெரியாது. ஷிஃப்ட் முடிந்து ஆள் வீட்டுக்கு வந்தாலே அந்த வீடுகளில் ஸ்தோத்திரம்தான். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அதற்குப் பிறகு அந்த ஊர்க்காரர்கள் எத்தனையோ பேருக்குப் பிழைப்பு என்பது மாரிக்குப்பத்திலிருந்து இருட்டில் கிளம்பும் பெங்களூர் ரயில். அண்ணனும் அதில்தான் வந்துபோனார். "சுரங்கம் மூடினதுக்கும் ஸ்தோத்திரம் சொல்லு, அதுலயும் ஒரு திட்டம் இருக்கும்னு ஒருத்தர் சொன்னார். நான் சொல்லலம்மா. அது பொய்யாயிருக்கும். பங்காரப்பேட்டையில கூட்டம் ஏறும்போது எனக்கு உட்கார ஒருத்தன் தினமும் இடம் போட்டு வெச்சான் பாருங்க, அதுக்குச் சொன்னேன்."

இந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. நோட்டீஸ் பீரியடில் இருக்கும் ஐ.டி. பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்கிறேன். வேலை போனதற்கு நன்றி சொல்ல வேண்டாம். இ.எம்.ஐ. பயத்தை அப்படியே சொல்லுங்கள். ரெஸ்யூமே திருத்திக் கொடுத்த தோழனுக்காக நன்றி சொல்லுங்கள்.

ஒன்று மட்டும். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, சாகலாம் போல் இருக்கிறது என்றால் அது நன்றி குறைவினால் வந்தது அல்ல. டாக்டரைப் பாருங்கள். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பல மொழிகளில் பேசலாம்.

கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். "பொறுத்துக்கொள், ஸ்தோத்திரம் பண்ணு, மாறுவார்" என்கிறார்கள். என்ன செய்ய?

அடிக்கு நன்றி சொல்லச் சொல்வது வேதம் அல்ல. அப்படி யார் சொன்னாலும், பிரசங்க பீடத்திலிருந்தே சொன்னாலும், கேட்க வேண்டாம். நம்பகமான ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181. அவசரம் என்றால் 112. குடும்ப வன்முறைக்கு எதிராக 2005ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. எல்லாம் பத்திரமான பிறகு, கதவைத் திறந்துவிட்ட அந்த ஒருவருக்காக நன்றி சொல்லிக்கொள்ளலாம்.

சிக்னலில் பேனா விற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது "என் பிள்ளைகளை இப்படி வைக்கவில்லையே" என்று ஸ்தோத்திரம் சொல்கிறேன். சரிதானே?

சரி என்று சொல்ல முடியவில்லை. மனசில் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் லூக்கா 18ஐ ஒருமுறை படியுங்கள். தேவாலயத்தில் நின்று நன்றி சொன்னவன் பரிசேயன். மற்ற மனுஷரைப்போல நான் இல்லையே, பக்கத்தில் நிற்கும் இந்த ஆயக்காரனைப்போலவும் (வரி வசூலிப்பவன்) இல்லையே என்பதற்காகச் சொன்னான். வடிவத்தில் அது சுத்தமான நன்றி ஜெபம். நீதிமானாக வீட்டுக்குப் போனது அந்த ஆயக்காரன்.

அடுத்தவரின் குறையை அளவுகோலாக வைத்து வரும் நன்றி கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்விடும். அந்தப் பிள்ளை கடவுளிடம் என்ன சொல்லும் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் பிள்ளைக்காக நன்றி சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்காக விண்ணப்பம் பண்ணுங்கள். இரண்டும் வேறு வேறு வாக்கியங்கள். ஆறுதலுக்காக "நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார்" என்று சொல்லும் நம் வீட்டுப் பழக்கத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

நன்றி சொன்னால் ஆசீர்வாதம் பெருகும், சொல்லாவிட்டால் நின்றுவிடும் என்கிறார்களே?

பத்துக் குஷ்டரோகிகள் கதை (லூக்கா 17). பத்துப் பேரும் சுத்தமானார்கள். நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன், அவனும் யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன். "மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்று இயேசு கேட்டார். கேட்டார், அவ்வளவுதான். அந்த ஒன்பது பேருக்கும் குஷ்டம் திரும்பி வந்ததாக எழுதியிருக்கவில்லை. கொடுத்ததைப் பிடுங்குகிறவரிடம் பயந்து சொன்னால் அது நன்றி அல்ல, வட்டி.

நேர்ச்சை, பொருத்தனை எல்லாம்?

"இது நடந்தால் இதைச் செய்கிறேன்" என்று நேர்ந்துகொள்வது வேதத்தில் இருக்கிறது. அன்னாள் பிள்ளை கேட்டு அழுது பொருத்தனை பண்ணினாள், சாமுவேலைக் கொண்டுபோய் விட்ட பிறகு பாடினாள். யோனா மீன் வயிற்றிலிருந்தே பொருத்தனையைச் செலுத்துவேன் என்றார். விவேக்நகர் குழந்தை இயேசு கோவிலில் வியாழக்கிழமைக் கூட்டத்தையோ, சிவாஜிநகர் மரியன்னை பசிலிக்காவில் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 திருவிழா வரை காவி உடுத்தி வருகிறவர்களையோ பார்த்தால், நேர்ந்துகொண்டதைத் தீர்க்க வந்தவர்கள் நிறைய இருப்பார்கள். அதைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. கிறிஸ்தவர் அல்லாதவர்கள்கூட அந்த வரிசையில் நிற்கிறார்கள், நன்றியோடு.

ஆனால் நேர்ச்சை பெரிய காரியத்துக்கு, எப்போதோ ஒருமுறை. தினசரி நன்றி ஏற்கெனவே கையில் இருப்பதற்கு. முதலாவது மட்டும் இருந்தால், வீசா வந்த வருஷம் ஒரு நன்றி, வீடு கட்டின வருஷம் ஒரு நன்றி என்று ஆகிவிடும்.

சபையில் சாட்சி சொல்லும்போது எல்லோரும் புரமோஷன், ஃப்ளாட், வெளிநாடு என்கிறார்கள். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லையே?

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் இது நன்றாகத் தெரியும். ஒருவர் பின் ஒருவராக எழுந்து சொல்லச் சொல்ல, பின் வரிசையில் சிலர் தலை குனிந்துகொண்டே போவார்கள். குழந்தை இல்லாதவர்கள், அந்த வருஷம் யாரையோ அடக்கம் செய்தவர்கள். சாட்சி சொல்வதை நிறுத்த வேண்டாம். கொஞ்சம் சின்ன சாட்சிகளுக்கு இடம் கொடுக்கலாம். "இந்த வருஷம் டயாலிசிஸுக்கு என்னோடு ஆள் மாற்றி ஆள் வந்தீர்கள்" என்று ஒருவர் சொன்னால், ஃப்ளாட் வாங்கின சாட்சிக்கு வந்த அல்லேலூயாவைவிட அதிகம் வர வேண்டும். நடத்துகிறவர்கள் முன்கூட்டியே இரண்டு பேரிடம் சொல்லி வைத்தால் போதும், தானாகத் தொடரும்.

கடவுளுக்குச் சொன்னால் போதாதா? மனுஷருக்கும் சொல்ல வேண்டுமா?

வேண்டும். நம்மில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். அரை மணி நேரம் ஸ்தோத்திர ஜெபம் செய்துவிட்டு, வெளியே வந்து செக்யூரிட்டிக்காரரை ஏக வசனத்தில் கூப்பிடுவோம். பவுல் ரோமர் 16இல் பிரிஸ்கில்லாள், ஆக்கில்லாவின் பெயரைச் சொல்லி, தானும் சபைகளும் அவர்களுக்கு நன்றியறிதலாக இருப்பதாக எழுதுகிறார். மனுஷருக்குச் சொன்னால் கடவுளின் மகிமை குறைந்துவிடும் என்று அவர் நினைக்கவில்லை.

லேவியராகமம் 7:15இல் ஒரு சட்டம் இருக்கிறது. ஸ்தோத்திர பலியின் மாம்சத்தை அன்றைக்கே சாப்பிட்டு முடிக்க வேண்டும், விடியும் வரை எதையும் வைக்கக் கூடாது. பொருத்தனைப் பலி என்றால் மறுநாளும் சாப்பிடலாம். நன்றிப் பலிக்கு அந்தச் சலுகை இல்லை. ஓர் ஆட்டை ஒரே நாளில் ஒரு குடும்பம் தின்று தீர்க்க முடியுமா? ஆட்களைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். சட்டத்தின் காரணம் எதுவானாலும் விளைவு பந்திதான். திருநெல்வேலிப் பக்கத்துச் சபை விருந்தான அசனம் எனக்கு அதைத்தான் ஞாபகப்படுத்துகிறது: சாதம், சாம்பார், கூட்டு, ஊரே ஒரே வரிசையில். பெங்களூரில் அசனம் போட முடியாது. தெருவைப் பெருக்க விடியற்காலையில் வரும் பௌரகார்மிகர் அம்மாவுக்கு ஒரு டம்ளர் சூடான காப்பி கொடுக்க முடியும். பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பெயர் சொல்லிக் கொடுங்கள். கையில் ஒட்டின தூசியைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்குவார்கள். தனி டம்ளர் மட்டும் வேண்டாம்.

ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் போட்டால் கணக்குத் தீர்ந்ததா?

பிறந்த நாளுக்கும் கல்யாண நாளுக்கும் கவர் போடுவது நல்ல பழக்கம். தொகையைச் சபையில் வாசிப்பது எனக்குப் பிடிக்காது. ஊரில் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்துவைத்து, அதைக் காணிக்கையாகக் கொண்டுபோன பெண்களை நினைத்துக்கொள்கிறேன். கையில் பணம் புழங்காத அவர்களுக்கு அதுவே காணிக்கை. தினமும், உலை வைக்கும்போதே.

ஆபீஸ் கேன்டீனில் கண்ணை மூடி ஜெபிக்கக் கூச்சமாக இருக்கிறது.

கண்ணைத் திறந்துகொண்டே சொல்லுங்கள், தட்டைப் பார்த்துக்கொண்டு. கூச்சம் பாவம் இல்லை. ஆனால் அப்போஸ்தலர் 27இல் ஒரு காட்சி உண்டு. பதினான்கு நாள் புயல், கப்பலில் 276 பேர், யாரும் சாப்பிடவே இல்லை. கைதியாகப் போகும் பவுல் எல்லோருக்கும் முன்பாக அப்பத்தை எடுத்து, கடவுளுக்கு ஸ்தோத்திரம் சொல்லி, பிட்டுச் சாப்பிட ஆரம்பிக்கிறார். மற்றவர்களும் திடப்பட்டுச் சாப்பிட்டார்கள். அது பிரசங்கம் மாதிரி இல்லை. பசித்தவர்கள் நடுவில் ஒருவர் சாப்பிட்ட விதம்.

பிள்ளைகளுக்குத் தமிழ் சரியாக வராது. ஸ்கூலில் இங்கிலீஷ், தெருவில் கன்னடம். குடும்ப ஜெபத்தில் எப்படி?

எந்த மொழியில் சண்டை போடுகிறார்களோ அந்த மொழியில் நன்றி சொல்லட்டும். பாட்டி தமிழில் சொல்லட்டும், பேத்தி இங்கிலீஷில் சொல்லட்டும். திருத்தாதீர்கள். "நூடுல்ஸுக்கு நன்றி" என்று குழந்தை சொன்னால் "அதைவிடப் பெரிசா ஏதாவது சொல்லு கண்ணு" என்று சொல்ல வேண்டாம். அது சரியாகத்தான் செய்கிறது, நாம்தான் மறந்துவிட்டோம். பதினைந்து வயசுப் பையன் "ஒண்ணும் இல்ல" என்றால் விட்டுவிடுங்கள். அடுத்த ஆளுக்குப் போங்கள். உங்கள் முறை வரும்போது அவன் செய்த ஏதாவது ஒன்றுக்கு நன்றி சொல்லுங்கள், அவன் காதில் விழும்படி.

நடுவில் பத்து நாள் விட்டுப்போய்விட்டது.

பதினோராம் நாள் சொல்லுங்கள். பாக்கி வைத்ததையெல்லாம் சேர்த்துச் சொல்ல வேண்டாம்.

வாட்சாப் குழு ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்கலாம், எட்டுப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒருவர் ஒரே ஒரு வரி, தட்டச்சு செய்தோ குரலிலோ, சொந்த நாளிலிருந்து. ஃபார்வர்டு கூடாது, ரோஜாப்பூப் படம் கூடாது, வசனக் கார்டும் கூடாது. யாராவது "இன்று எனக்கு ஒன்றும் இல்லை" என்று போட்டால் உடனே வசனம் அனுப்பித் தேற்றாதீர்கள். போன் பண்ணுங்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.